ஜானகி அம்மாளின் பல்கலைக்கழகமும் நான் செலவழித்த ஒன்றரை லட்சமும்

2023 ஜூன் முதல் 2024 ஜூன் வரை ஒரு முழு வருடமும், ஒரு லட்சத்து ஐம்பத்தேழாயிரம் ரூபாயும் போயின. அமெரிக்காவில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்த கணக்கு அது. எங்கள் ஊர் கல்லிடைக்குறிச்சிக்குப் பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனம். அப்பாவுக்கு மூன்று ஏக்கர் நஞ்சை. நல்ல வருடத்தில் பிசானம் என்னும் நெல் பருவத்தில் செலவு போகக் கையில் நிற்பது எழுபதாயிரம். அப்படியென்றால் நான் செலவழித்தது அவருடைய இரண்டு பிசானத்துக்கும் மேல். எங்கள் குடும்பத்தில் பட்டப்படிப்பு முடித்த முதல் ஆள் நான். வெளிநாட்டுப் படிப்பைப் பற்றிக் கேட்க எங்கள் தெருவில் ஒருவரும் இல்லை. யாராவது ஒருவர் அரை மணி நேரம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் இதில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும். அதனால்தான் தொகைகளைக்கூட மறைக்காமல் எழுதுகிறேன்.

எல்லாம் ஒரு பெயரில் தொடங்கியது. வேறு மாவட்டத்தில் வேளாண் இளநிலை படித்தபோது, மரபியல் வகுப்பில் ஆசிரியர் ஒருவர் ஜானகி அம்மாளைப் பற்றிச் சொன்னார். 1897-இல் தலச்சேரியில் பிறந்து, சென்னையில் படித்து, அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போய் 1931-இல் முனைவர் பட்டம் வாங்கியவர். திரும்பி வந்து கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் வேலை பார்த்தார். பிறகு இங்கிலாந்தில் டார்லிங்டன் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து பயிர்களின் குரோமோசோம்களைத் தொகுத்து 1945-இல் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். அதே மிச்சிகன் பல்கலைக்கழகம் 1956-இல் அவருக்குக் கௌரவப் பட்டமும் கொடுத்தது. நான் அவருடைய படம் ஒன்றை அச்செடுத்து விடுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தேன். நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு பெண் இங்கிருந்து போக முடிந்தது என்றால் நானும் போகலாம் என்று தோன்றியது. எந்தப் பல்கலைக்கழகம் என்ற கேள்வியே எனக்கு எழவில்லை. அவர் படித்த இடம் எதுவோ அதுதான்.

திருநெல்வேலியில் வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிறுவனம் ஒன்றுக்கு அப்பாவும் நானும் போனோம். குளிரூட்டிய அறை, சுவர் முழுக்கப் படங்கள். கூகுளைத் தொடங்கிய லாரி பேஜ், அமெரிக்க அதிபராக இருந்த ஜெரால்டு போர்டு, நாடகாசிரியர் ஆர்தர் மில்லர், தகவல் கோட்பாட்டைத் தந்த கிளாட் ஷானன் என்று வரிசையாக மாட்டியிருந்தார்கள். நால்வரும் மிச்சிகனில் படித்தவர்கள்தான், அதில் பொய் இல்லை. "உங்கள் மகள் படமும் ஒருநாள் இங்கே வரும், அண்ணாச்சி" என்று அங்கிருந்தவர் அப்பாவிடம் சொன்னார். அப்பா ஒன்றும் பேசாமல் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், "கட்டிவிடுவோம், எம்மா" என்றார். ஐம்பத்தைந்தாயிரம் ரூபாய். ரசீதில் 'ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படாது' என்று சிறிய எழுத்தில் இருந்ததை வீட்டுக்கு வந்த பிறகுதான் படித்தேன்.

அந்தச் சுவரைப் பற்றி இப்போது நான் நினைப்பதைச் சொல்லிவிடுகிறேன். 1817-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. ஐம்பதாயிரம் மாணவர்கள் அளவுக்குப் பெரிய ஒரு இடத்தில், இரண்டு நூற்றாண்டில், பெயர் பெற்றவர்கள் நூற்றுக்கணக்கில் வராமல் போனால்தான் வியப்பு. லாரி பேஜ் 1995-இல் பொறியியல் பட்டம் வாங்கினார். போர்டு 1935-இல் படித்து முடித்தார். விதையைப் பற்றிப் படிக்க நினைக்கிற எனக்கு இவர்கள் இருவரும் என்ன சொல்ல முடியும்? ஒரு பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற மாணவர்களைப் பார்க்கும்போது, அவர் எந்தத் துறையில், எந்த வருடம், யாரிடம் படித்தார், அந்தத் துறை இன்றும் இருக்கிறதா என்று நான்கு கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள். ஜானகி அம்மாள் படித்த தாவரவியல் துறை இன்று அந்தப் பெயரில் தனித் துறையாகவே இல்லை. அது உயிரியலோடு சேர்ந்து, பிறகு வேறு வேறு துறைகளாகப் பிரிந்துவிட்டது. இதைத் தெரிந்துகொள்ள அவர்களுடைய இணையதளத்தில் பத்து நிமிடம் போதும். நான் அதைச் செய்தது பணம் கட்டி ஒன்பது மாதம் கழித்து.

இதைவிடப் பெரிய தவறு இன்னொன்று. மிச்சிகன் மாநிலத்தில் மிகப் பெரிய அரசுப் பல்கலைக்கழகங்கள் இரண்டு இருக்கின்றன. ஆன் ஆர்பர் ஊரில் இருப்பது மிச்சிகன் பல்கலைக்கழகம். அங்கிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தள்ளி, ஈஸ்ட் லான்சிங்கில் இருப்பது மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகம். 1855-இல் வேளாண் கல்லூரியாகவே தொடங்கியது இந்த இரண்டாவதுதான். பயிர், மண், விதை, தோட்டக்கலை எல்லாம் அங்கேதான். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் எளிது. அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆனால் வேளாண் பட்டம் படிக்க வேண்டுமென்றால், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள கிள்ளிகுளம் கல்லூரிக்குத்தான் போக வேண்டும். வெளியூர்க்காரர் ஒருவர் நெல் இனப்பெருக்கம் படிக்க அபிஷேகப்பட்டி வாசலில் வந்து நின்றால் நாமே அவரைத் திருப்பி அனுப்புவோம். என்னைத் திருப்பி அனுப்ப ஆள் இல்லை. ஆலோசகரிடம் கேட்டபோது, "எல்லாம் ஒன்றுதான் அம்மா, ஆன் ஆர்பர்தான் தரவரிசையில் மேலே" என்றார். வேளாண் பட்டதாரியான என்னை அங்கே சுற்றுச்சூழல் சார்ந்த ஒரு முதுகலைக்கு விண்ணப்பிக்க வைத்தார். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் வேளாண்மைக்கென்று நிலக்கொடையில் எழுந்த பல்கலைக்கழகம் ஒன்று இருக்கும். 1862-இல் வந்த ஒரு சட்டத்தின்படி, அரசு நிலம் கொடுத்து வளர்த்தவை அவை. வேளாண்மை படித்தவர்கள் மாநிலத்தின் பெயரைப் பார்த்து ஏமாறாமல், நிலக்கொடைப் பல்கலைக்கழகம் எது என்று முதலில் தேடுங்கள்.

இனி செலவு. அமெரிக்க மேற்படிப்பு விண்ணப்பத்துக்காக எழுதும் ஜிஆர்இ தேர்வுக்கு இருபத்திரண்டாயிரத்து ஐந்நூறு, ஆங்கிலத் தேர்வுக்குப் பதினேழாயிரம். ஆறு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பக் கட்டணம் நாற்பத்திரண்டாயிரம். மதிப்பெண் சான்றுகளை முத்திரையிட்ட உறைகளில் வாங்கிக் கூரியரில் அனுப்பப் பதினோராயிரம். இதில் ஜிஆர்இ மதிப்பெண் ஐந்து வருடம் செல்லும், ஆங்கிலத் தேர்வு இரண்டு வருடம் செல்லும். அதனால் அந்த இரண்டும் எனக்கு மறுபடி உதவின. மற்றதெல்லாம் திரும்பி வராத பணம். கூரியர் செலவு அடியோடு வேண்டாத செலவு. பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பிக்கும்போது சான்றுகளின் ஸ்கேன் நகல்களையே ஏற்றுக்கொள்கின்றன. மூலச் சான்று கேட்பது இடம் கிடைத்த பிறகுதான். ஒவ்வொரு துறையின் பக்கத்திலும் அது எழுதியிருக்கும். நான் படிக்காமல் உறை உறையாக அனுப்பினேன். ஜிஆர்இ தேர்வு நாளன்று நான்கு இடங்களுக்கு மதிப்பெண்ணைக் கட்டணமில்லாமல் அனுப்பச் சொல்லலாம். தேர்வுக்கு முன்னாலேயே பட்டியலை முடிவு செய்யாததால் அதையும் விட்டுவிட்டு, பிறகு ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கட்டினேன். விண்ணப்பச் செலவில் நான் எழுதியிருக்கும் தொகையில் அதுவும் அடக்கம்.

பணத்தைவிட என்னை உறுத்துவது மின்னஞ்சல் விவகாரம். விண்ணப்பக் கணக்குகளை ஆலோசனை நிறுவனமே தொடங்கியது. மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் அவர்களுடையவை. "உங்களுக்கு ஏன் சிரமம்" என்றார்கள். 2024 பிப்ரவரியில் நான் வற்புறுத்திக் கேட்டு வாங்கி உள்ளே போய்ப் பார்த்தபோது, ஆறில் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து நவம்பரிலேயே ஒரு கடிதம் வந்து திறக்கப்படாமல் கிடந்தது. 'எங்கள் துறையில் உதவித்தொகையோடு சேர வேண்டுமானால் வழிகாட்டும் பேராசிரியர் ஒருவர் முன்கூட்டியே சம்மதிக்க வேண்டும், யாரிடமாவது பேசியிருக்கிறீர்களா?' என்று துறை அலுவலகம் கேட்டிருந்தது. மூன்று மாதம் ஒருவரும் பதில் சொல்லவில்லை. அன்று இரவு நான் சாப்பிடவில்லை. யாரோ ஒருவர் எனக்காகக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்து, பிறகு மூடிவிட்டுப் போனதைப் போல இருந்தது. ஏன் படிக்க விரும்புகிறோம் என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரும் நோக்கக் கட்டுரையும் அப்படித்தான். என்னுடையதில் இரண்டு பத்திகள், அதே நிறுவனத்தில் சேர்ந்த இன்னொரு பெண்ணின் கட்டுரையில் எழுத்துப் பிசகாமல் இருந்தன. நீங்கள் யாரிடம் உதவி வாங்கினாலும், மின்னஞ்சல் உங்களுடையதாக இருக்கட்டும், கடவுச்சொல் உங்கள் கையில் இருக்கட்டும், கட்டுரை நீங்கள் எழுதியதாக இருக்கட்டும். சில பல்கலைக்கழகங்கள் மாணவர்களைச் சேர்த்துவிடும் முகவர்களுக்குத் தரகு தருகின்றன. ஆகவே ஓர் ஆலோசகர் ஓர் இடத்தை அழுத்திச் சொன்னால், அங்கிருந்து அவருக்கு ஏதாவது வருகிறதா என்று நேராகவே கேட்டுவிடுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

இடையில் டிசம்பர் வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் தாமிரபரணிக்கரையில் இருப்பவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் ஊரில் நான்கு நாள் மின்சாரமும் இல்லை, கைபேசித் தொடர்பும் இல்லை. நட்டு ஒரு மாதம் ஆன பிசான நாற்று வண்டலுக்குள் போனது. எனக்குப் பரிந்துரைக் கடிதம் அனுப்ப வேண்டிய ஆசிரியரின் பாளையங்கோட்டை வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர். அவருக்குக் கடைசி நாள் டிசம்பர் 20. எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தேன். ஜனவரியில் மனம் கேட்காமல், அந்தக் கடிதம் போக வேண்டிய துறையின் ஒருங்கிணைப்பாளர் முகவரியைத் தேடி எடுத்து, நடந்ததை ஆறு வரியில் எழுதினேன். இரண்டே நாளில் பதில் வந்தது: வெள்ளத்தைப் பற்றி வருத்தம் தெரிவித்து, கடிதத்துக்கான இணைப்பை மறுபடி திறந்துவிட்டிருந்தார்கள். அந்த ஆறு வரிதான் அந்த வருடத்தில் நானாக எழுதிய முதல் கடிதம். எழுதினால் மறுமுனையில் படிக்க ஒரு மனிதர் இருக்கிறார் என்று அன்றுதான் தெரிந்தது.

2024 மார்ச்சில் ஆன் ஆர்பரிலிருந்து இடம் கிடைத்த செய்தி வந்தது. ஆச்சி தெரு முழுக்க ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார். உதவித்தொகை எதுவும் இல்லை. கட்டணமும் தங்கும் செலவும் சேர்த்து ஒரு வருடத்துக்கே அரைக்கோடி ரூபாய்க்கு மேல். படிப்பு இரண்டு வருடம். கல்விக் கடன் வாங்கலாம் என்று வங்கிக்குப் போனோம். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் ஈடு வேண்டும் என்றார்கள். அப்பா பட்டா, சிட்டா, அடங்கல், முப்பது வருட வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்து வந்திருந்தார். வழக்கறிஞர் கருத்துக்கும் மதிப்பீட்டாளருக்கும் ஒன்பதாயிரத்து ஐந்நூறு கட்டிய பிறகு மேலாளர் கூப்பிட்டுச் சொன்னார்: நஞ்சை நிலத்தைக் கல்விக் கடனுக்கு ஈடாக எடுக்க மாட்டோம். கொடுத்த கடன் திரும்பி வராமல் போனால் வங்கி ஈட்டுச் சொத்தை நேரடியாக எடுத்துக்கொள்ள வழி செய்யும் 2002-ஆம் வருடச் சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. அதனால்தான் வங்கிகள் தயங்குகின்றன. விவசாயிக்குப் பாதுகாப்பாக வைத்த விதிதான், அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதை முதல் நாளே கேட்டிருந்தால் ஒன்பதாயிரத்து ஐந்நூறு மிஞ்சியிருக்கும். நிலத்தை நம்பிப் போகிற வீட்டார், வழக்கறிஞருக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால், "விவசாய நிலத்தை எடுப்பீர்களா?" என்ற ஒரு கேள்வியை மேலாளரிடம் கேட்டுவிடுங்கள். வீடு ஆச்சி பெயரில், பங்காளிகள் நால்வர் கையெழுத்து வேண்டிய வீடு. அந்தப் பேச்சை அப்பா எடுக்கவே இல்லை. நானும் எடுக்க விடவில்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அப்பா அந்த மஞ்சள் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். சேரன்மகாதேவி தாண்டியதும், "விற்றுவிடட்டுமா?" என்று மெல்லக் கேட்டார். வேண்டாம் என்றேன். அன்று இரவே ஆன் ஆர்பருக்கு நன்றி சொல்லி, வர இயலவில்லை என்று எழுதிவிட்டேன். இரண்டு வாரம் யாரிடமும் பேசவில்லை. மிட்டாய் வாங்கிக்கொண்டவர்கள் எப்போது பயணம் என்று கேட்பார்கள் என்பதற்காகக் கடைக்குப் போவதைக்கூட நிறுத்தியிருந்தேன்.

ஜூனில் ஒருநாள் ஜானகி அம்மாளின் வாழ்க்கையை மறுபடி எடுத்துப் படித்தேன். எத்தனையோ முறை படித்த ஒரு வரி அன்றுதான் கண்ணில் பட்டது. அவர் பார்பர் உதவித்தொகையில் போனவர். மிச்சிகனின் பழைய மாணவரான லீவை பார்பர் என்பவர், ஆசியப் பெண்கள் அங்கே வந்து படிக்க வேண்டும் என்று 1917-இல் ஏற்படுத்திய நிதி அது. நிலத்தையோ வீட்டையோ ஈடு வைத்துவிட்டுப் போனவர் இல்லை அவர். மூன்று வருடம் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நான், அவருக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அன்று அழுதேன். ஆனால் அதோடு வழியும் தெரிந்தது. அறிவியல், வேளாண் ஆராய்ச்சிப் படிப்புகளில் பேராசிரியரின் ஆய்வுத் திட்டத்திலிருந்தே மாணவருக்குச் சம்பளமும் கட்டண விலக்கும் கொடுப்பது பரவலான வழக்கம். ஆய்வு உதவியாளர் பணி என்று அதற்குப் பெயர். ஆய்வுக் கட்டுரை இல்லாத தொழில்முறை முதுகலைகளில் அது அரிது. எனக்கு வாய்த்தது அந்த இரண்டாவது வகை.

அதன் பிறகு நிறுவனம் எதையும் நாடவில்லை. எனக்கு உண்மையில் என்ன தெரிய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். எங்கள் பக்கம் கார் பருவ நெல் அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் நெல் கதிரிலேயே முளைத்துவிடும். சின்ன வயதில் ஒரு வருடம் அப்படி முளைத்த கதிரை அப்பா கொண்டுவந்து திண்ணையில் வைத்தார். நெல் மணிகளுக்கிடையே வெள்ளை வெள்ளையாக வேர், நுனியில் பச்சை. வியாபாரி பாதி விலைக்குக் கேட்டார். ஒரு விதை எப்போது உறங்குகிறது, எப்போது விழிக்கிறது என்பதுதான் எனக்கு வேண்டிய பாடம். மிச்சிகனில் கோதுமைக்கும் இதே தொல்லை உண்டு என்று தேடியபோது தெரிந்தது. அதோடு, மிச்சிகன் ஸ்டேட் வளாகத்தில் வில்லியம் பீல் என்ற பேராசிரியர் 1879-இல் தொடங்கிய சோதனை ஒன்றும் கண்ணில் பட்டது. இருபது கண்ணாடிப் புட்டிகளில் களைவிதைகளை மணலோடு கலந்து மண்ணுக்குள் புதைத்து வைத்தார். குறிப்பிட்ட வருடங்களுக்கு ஒருமுறை ஒரு புட்டியை மட்டும் தோண்டி எடுத்து முளைக்கப் போடுகிறார்கள். கடைசியாக 2021-இல், வெளிச்சம் படாமலிருக்க இருட்டிலேயே தோண்டி எடுத்தார்கள். 142 வருடம் கழித்தும் சில விதைகள் முளைத்தன. கடைசிப் புட்டியின் முறை 2100-இல். பீலும் ஆன் ஆர்பரில் படித்தவர்தான் என்று அறிந்தபோது எனக்கு ஒரு நிறைவு. நான் விரும்பிய பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் ஒருவரே எனக்குச் சரியான வாசலைக் காட்டியதாக எடுத்துக்கொண்டேன்.

2024 ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை, மூன்று பல்கலைக்கழகங்களில் பத்தொன்பது பேராசிரியர்களுக்கு எழுதினேன். ஒவ்வொருவரின் கட்டுரை ஒன்றையாவது முழுக்கப் படித்துவிட்டு எழுதினேன். ஒரு கடிதத்துக்கு இரண்டு நாள் பிடித்தது. 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் ஆய்வு என்னைக் கவர்ந்தது' என்று ஆரம்பித்த முதல் ஐந்துக்கும் பதில் இல்லை. ஆறாவதிலிருந்து, முளைத்த கதிரைப் பற்றி மூன்று வரி, அவருடைய கட்டுரையில் எனக்கு எழுந்த கேள்வி ஒன்று, அடுத்த ஆண்டு உதவியாளர் இடம் உண்டா என்ற நேரடிக் கேள்வி, அவ்வளவுதான். நால்வர் பதில் எழுதினார்கள். இருவர், நிதி இல்லை என்று ஒளிக்காமல் சொன்னார்கள். அதுவும் உதவிதான், ஒரு விண்ணப்பக் கட்டணம் மிஞ்சியது. பதில் வராத கடிதத்துக்கு இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம்.

ஒரு பேராசிரியர் காணொலியில் பேச அழைத்தார். அவருக்குக் காலை பத்து மணி, நமக்கு இரவு ஏழரை. மின்சாரம் போய்விடுமோ என்று பயந்து பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து வயர் இழுத்து வைத்திருந்தேன். என் மதிப்பெண்ணைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கதிர் என்ன ரகம், எத்தனை நாள் மழை, அறுவடைக்கு எத்தனை நாள் இருந்தது என்று கேட்டார். இரண்டாவது கேள்விக்கு அப்பாவைக் கேட்டுத்தான் சொன்னேன். அப்பா கதவருகே நின்று விரல்விட்டு எண்ணி, "ஒன்பது நாள்" என்றார். 2025 மார்ச்சில் கடிதம் வந்தது: கட்டணம் இல்லை, மாதச் சம்பளம் உண்டு, மருத்துவக் காப்பீடும் உண்டு. உடனே பதில் சொல்லாவிட்டால் இடம் போய்விடுமோ என்று பதறாதீர்கள். நிதியுதவியோடு வரும் அழைப்புகளுக்கு ஏப்ரல் 15 வரை அவகாசம் தருவதாக அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் ஒப்புக்கொண்டிருக்கின்றன. நான் நான்கு நாள் எடுத்துக்கொண்டு, சம்பளத்தில் வாடகையும் சாப்பாடும் போக என்ன நிற்கும் என்று, அங்கே படிக்கும் மாணவி ஒருவரிடம் எழுதிக் கேட்ட பிறகே சம்மதம் சொன்னேன்.

பீலின் புட்டிகளைப் பற்றி ஆச்சியிடம் சொன்னேன். அவர் குலுக்கையில் விதைநெல் போட்டு, வேப்பிலையும் சாம்பலும் இட்டு, வாயைச் சாணி மண்ணால் பூசி மூடி வைத்த காலத்து ஆள். "ஏளா, இத்தனை வருடம் மண்ணுக்குள் கிடந்ததா?" என்று இரண்டு முறை கேட்டார். மறுநாள் ஒரு பிடி விதைநெல்லைத் துணியில் முடிந்து கொண்டுவந்து, போகும்போது எடுத்துக்கொண்டு போ என்றார். அனுமதிச் சீட்டும் பயிர்நலச் சான்றும் இல்லாமல் அந்த நாட்டுக்குள் விதை கொண்டுபோக முடியாது என்று விளக்கினேன். அவர் முடிச்சை அவிழ்க்காமல் என் மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போனார்.

சென்னையில் விசா நேர்காணலுக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. விசாக் கட்டணம் 185 டாலர், மாணவர் பதிவுக் கட்டணம் 350 டாலர், இரண்டையும் கட்டியாயிற்று. விசா மறுக்கப்பட்டால் விசாக் கட்டணம் திரும்ப வராது என்பதைத் தெரிந்தே கட்டினேன். நெல்லை எக்ஸ்பிரஸில் இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறேன். அப்பாவும் வருகிறார். அந்த மஞ்சள் பையில் இந்த முறை பட்டாவும் சிட்டாவும் இல்லை.